மண்ணீரல்

ஒத்தையா ரெட்டையா ஆட்டத்தில்
என் கைக்குள் ஏழு புளியங்கொட்டை.
"ஒத்தை" என்றாள் டெல்ஃபினா. சரியாகச் சொல்லிவிட்டாள்.
ஆறாக்க வேண்டி ஒன்றை வாயில் போட்டேன்.
"வாயைத் தொற" என்றாள்.
விழுங்கினேன்.

ராயபுரம் ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடிப் படிக்கட்டு.
அவள் ஐந்தாம் வகுப்பு, நான் மூன்று.
அறிவியல் புத்தகத்தைக் கொண்டுவந்து
தோலுரிந்த மனிதனின் படத்தில் விரல் வைத்தாள்.
"இது கல்லீரல். உள்ள கல்லு.
இது நுரையீரல். பல்லு தேய்க்கிறப்ப நுரை வருதே, இங்கேர்ந்துதான்.
இது மண்ணீரல்."
அங்கேயே விரல் நின்றது.
சாவு வீட்டைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.
"மண்ணு இருக்கு. தண்ணி குடிக்கிற.
வேற என்னா வோணும்?"

"புளியமரம்னா பேயும் வரும்" என்றான்
என் தம்பி நாவரசு.
அவனுக்குச் சொந்தக் கவலை ஒன்று இருந்தது:
தொப்புள் என்பது முடிச்சு,
அவிழ்ந்தால் காற்றெல்லாம் போய்
பறந்துபோய்த் துறைமுகத்துக் கிரேனில் மாட்டிக்கொள்வான்.
குளிக்கும்போதுகூட அதை ஒரு விரலால் மூடியிருப்பான்.

தண்ணீரை நிறுத்தினேன்.
அது லாரித் தண்ணீர்க் காலம்.
விடியுமுன்னே பச்சையும் நீலமுமாய்க் குடங்கள் வரிசை கட்டும்.
தெருவே சேர்ந்து
லாரி வரணும் லாரி வரணும் என்று வேண்ட
என் அம்மாவின் குடத்துக்குப் பின்னால் நின்று
வரக்கூடாது என்று வேண்டியவள் நான் ஒருத்தி.
இரண்டு நாள் வரவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.

வாயையும் மூடிக்கொண்டேன்.
வெயில் உள்ளே போய்விடும்.
"பொண்ணு அமைதியாயிட்டா" என்று
டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார்,
அப்பா ஒரு கோன் ஐஸ் வாங்கித் தந்தார்.

மூன்றாம் நாள் முன்பல் விழுந்தது.
அம்மா அதை வாங்கி ஜன்னல் வழியாக
ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் எறிந்துவிட்டு
சாதாரணமாகச் சொன்னாள்:
"வுடு, முளைச்சிடும்."

அன்று மாலை சம்மணம் போட்டு
வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.
பதிமூன்றாம் வாய்ப்பாட்டில்
இடது கால் என்னுடையதாக இல்லை.
தட்டினேன், கிள்ளினேன், கட்டை.
"அம்மா, கால்..."
அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்:
"மரத்துப்போச்சா?"

நான் அலறிய அலறலில்
கீழ்வீட்டு மைக்கேல் அண்ணன் ஷேவிங் நுரையோடு ஓடிவந்தார்.
(நுரையீரல் வெளியே வந்துவிட்டது என்று
நாவரசு அதற்குத் தனியாக அழுதான்.)

காலை உதறச் சொன்னார்கள்.
உதறினேன். எறும்பு ஊர்ந்தது.
மரமென்றால் எறும்பு இருக்கும்தானே.

*

முந்தாநாள் எம்.சி. ரோடு ஸ்கேன் சென்டர்.
"ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு வாங்க, முட்டணும்" என்றார்கள்.
முப்பத்திமூன்று வருடம் கழித்து
ஒரே மூச்சில் ஒரு லிட்டர்.

குளிர்ந்த பசை, கறுப்பு வெள்ளைத் திரை,
கேபிள் போன டிவி மாதிரி மழை.
டாக்டர் முணுமுணுக்க ஒரு பெண் தட்டச்சினாள்:
லிவர் நார்மல். ஸ்ப்ளீன் நார்மல்.
"ஸ்ப்ளீன்னா எது சார்?"
"மண்ணீரல்."
"அதுல ஏதாச்சும்... முளைச்சிருக்கா?"
தட்டச்சு நின்றது.
"என்ன முளைக்கணும்?"
"ஒண்ணுமில்ல சார்."

பித்தப்பையில் மட்டும் இரண்டு கல்.
எனக்கு ஆச்சரியமில்லை.
கல்லீரலுக்குக் கீழ்தானே இருக்கிறது, உருண்டிருக்கும்.

ரிப்போர்ட்டைப் படம் பிடித்து
பெர்த்தில் நர்ஸாக இருக்கும் டெல்ஃபினாவுக்கு அனுப்பினேன்.
அங்கே நள்ளிரவு. ஆனாலும் பதில் வந்தது:

"கொட்டைய வுடு.
நல்லா தண்ணி குடி."

வெளியே ஒரு லாரி
வழிநெடுக ஒழுகிக்கொண்டே போனது.
பாட்டில் ஒன்று வாங்கி, நடைபாதையில் நின்று குடித்தேன்,
இடது விலாவுக்குக் கீழே
சும்மா ஒரு கையை வைத்துக்கொண்டு.