முப்பத்தெட்டு நிமிடம்

பின்மூடியின் நான்கு திருகில் மூன்று உப்பேறி இறுகியிருந்தன.
நான்காவது இல்லவே இல்லை.
பாம்பன் பாலத்தில் லாரி ஏறினால்
கடைக்குள் என் மேஜையும் கொஞ்சம் போகும்.
அது ஓயும்வரை
சூடான ஈய முனையைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

உள்ளங்கை அளவு ஜிபிஎஸ்.
பலகையில் பச்சை பூத்த மூன்று செம்புப் புள்ளிகள்.
மூன்று ஒயர்:
தரைக்குத் தரை,
அதன் வாய் என் காதுக்கு,
என் வாய் அதன் காதுக்கு.
வாயோடு வாயைக் கோத்தால்
இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்போம்.

முதலில் வந்தது குப்பை.
கட்டம், கேள்விக்குறி, பாதி எழுத்து.
"செத்துப்போச்சா, ஜுலைகா?" என்றார் எமரிட்டு.
சாகவில்லை அண்ணே, வேகம் ஒத்துப்போகவில்லை.
ஒன்பதாயிரத்து அறுநூறை
ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறாக்கினேன்.
காரல் கூடையைக் கவிழ்த்ததுபோல்
வரிவரியாகக் கொட்டியது.

படகு அவருடையது. போன வலையும் அவருடையது.
டிரைவர் நம்புகுமார் ஸ்டூலில்
தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
வாசலில் இன்னொருவன்,
வலது கையில் சாரத்துணி சுற்றி,
உள்ளே வராமல்.

கருவிக்கு நம்மூர் நேரம் தெரியாது.
ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.
பதினெட்டு நாற்பது என்றால்
நமக்கு நள்ளிரவு தாண்டிப் பத்து.
எல்லை அலாரம்.
விசை மூன்று அழுத்தப்பட்டது. அலாரம் நின்றது.
மறுபடி அலாரம். விசை மூன்று.
நான்கு முறை.

"தெரிஞ்சே தாண்டியிருக்கான். அமுக்குனது யாருன்னு போட்டிருக்கா?"
விசை எண் இருக்கு. விரல் இல்லை.

பதினெட்டு ஐம்பத்தேழோடு வரி அறுந்தது.
அடுத்த வரியில்
தேதி 1980, ஜனவரி ஆறு.
செயற்கைக்கோள் பூஜ்யம்.
பூஜ்யம்.
பூஜ்யம்.
வானம் கிடைக்காதபோது அது அங்கேதான் போய் நிற்கும்,
நான் பிறக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.
ஒன்பது நிமிடம் அங்கே இருந்துவிட்டுத்தான்
இந்த வருடத்துக்கு, பத்தொன்பது நாற்பத்துநான்குக்கு, வந்திருக்கிறது.
கழித்துப் பார்த்தேன்.
மீதி முப்பத்தெட்டு நிமிடம் எந்த வருடத்திலும் இல்லை.

மேலே போய் மறுபடி வாசித்தேன்.
அலாரம் அடித்தபோதெல்லாம் வேகம்
பூஜ்யம் புள்ளி எட்டு.
அண்ணே, இது இன்ஜின் ஓடுற வேகமில்லை.
நீவாடு இழுத்துட்டுப் போன வேகம்.

எமரிட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லலாமா என்று
ஒரு லாரி கடக்கும் நேரம் யோசித்தேன்.
அணையுமுன் மின்னழுத்தம் இரண்டு புள்ளி ஒன்பது.
எழுந்தபின் இரண்டு புள்ளி இரண்டு.
தூங்கி எழுந்த செல்லுக்கு இவ்வளவு களைப்பு வராது.
இது வேறு செல்.
நல்லதைக் கழற்றி, தீர்ந்ததைப் போட்டிருக்கிறார்கள்.

நம்புகுமார் முதல்முறையாக வாய் திறந்தான்.
"டார்ச்சுக்கு."
பிறகு,
"விசிறியில வலை சுத்திருச்சு. அறுக்கக் குதிச்சான்.
கத்தி கையில பட்டுருச்சு. கீழ ஒண்ணுமே தெரியல."
யார் என்று அவன் சொல்லவில்லை.
எமரிட்டு கேட்கவும் இல்லை.
வாசல் பக்கம் திரும்பாமல்
தொங்கிய அட்டையைப் பார்த்து,
"இந்த செல்லு என்ன வெல?" என்றார்.
ஆறு எடுத்தார்.
வலையைப் பற்றி வாரக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்றார்,
அதை என்னிடம் சொல்வதுபோல.

தகரக் கூரைக்குக் கீழே
கருவி இன்னும் பூஜ்யம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.
ஒயர் எட்டியமட்டும் இழுத்து வாசலுக்குக் கொண்டுபோனேன்.
"இதப் புடி, ரொசாரியோ. மேல பார்க்கட்டும்."
இடது கையால் வாங்கி உயர்த்தினான்.
உள்ளே வந்து திரையைப் பார்த்தேன்.
இரண்டு.
இரண்டு.
ஐந்து.