பனிமேல் போட்ட கல்

ஒட்டாவாவுக்குப் பதினொரு மனு அனுப்பினோம்.
கிணறு கிடையாது இந்த வடதுருவக் கரையில்.
போட்ட கல் பனிமேலேயே கிடந்தது,
போகிறவர் வருகிறவர் காலில் இடறிக்கொண்டு.

கூட்டுறவுக் கடையில் கல்லாவில் இருப்பவள் நான், நபாட்சி.
அட்டையைத் தேய்த்துவிட்டு
வரிசையே அந்தச் சின்ன இயந்திரத்தின் முகத்தைப் பார்த்து நிற்கும்,
காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பதுபோல.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
உள்ளே, வரிசையில்,
உறைந்த கோழி உருகிச் சொட்டும்.

பன்னிரண்டாவதை ஹாம்பர்க்கில் ஒரு பத்திரிகைக்குப் போட்டேன்.
சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால்தான்
சிலருக்குக் கூரை ஒழுகுவது தெரியும்.

ஹென்னிங் வந்தார். மூன்று கேமரா, புது பூட்ஸ்.
கரடி வருமா என்றார் முதலில்.
பிறகு நாய்வண்டி. பிறகு பனிவீடு.
என் சமையலறையில் மைக்ரோவேவைக் கண்டதும்
அவர் முகத்தில் ஒரு விளக்கு அணைந்தது.

நான் குறை ஒன்றும் சொல்லவில்லை.
கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தேன்.

கட்டுரை, கூட நாலு படம்.
விடிவதற்குள் அனுப்பிவிடலாம் என்றார்.
அது டிசம்பர்.
விடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று
நான் ஏன் சொல்ல வேண்டும்?

பதினேழு சதவீதம்.
தேநீர்.
பதினேழு சதவீதம்.
இன்னொரு தேநீர். ஏறினது வழுக்கி விழுந்தது: மூன்று.
ஜெர்மனில் ஏதோ சொன்னார்.
வசவுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு,
காதுக்கு இதமாக இருந்தது.
அந்தக் கோபத்துக்காகத்தானே
அவ்வளவு தூரத்திலிருந்து அவரை வரவழைத்தேன்.

இடையில் பவுலூசியைக் கூட்டி வந்தேன்.
போன வருஷம் மணிக்கட்டு முறிந்தது அவனுக்கு.
தெற்கே இருக்கும் டாக்டரைப் பார்க்க
எக்ஸ்ரே படம் புறப்பட்டது, புறப்பட்டது,
புறப்பட்டுக்கொண்டே இருந்தது.
விமானமும் வராத வாரம் அது.
எலும்பு யாரையும் கேட்காமல்
தன்னிஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது.
ஒன்பது வயது. விளக்குக்கு அருகே கையை நீட்டினான்.
கேமரா குனிந்தது.

திரும்பி நடக்கும்போது கேட்டான்,
"அந்த ஊர்ல எல்லாரும் என் கையப் பாப்பாங்களா?"
கையுறையை இழுத்துவிட்டேன்.
காட்டினேனா,
காட்டிக்கொடுத்தேனா.

வெள்ளிக்கிழமை கட்டுரை வெளிவந்தது.
சனிக்கிழமை அமைச்சர் கவலை தெரிவித்தார்.
பதினொரு மனுவுக்கு வராத கவலை
ஜெர்மனில் படித்ததும் வந்துவிட்டது.
அடுத்த விமானத்தில் நாலு பேர் இறங்கினார்கள்,
அளவுநாடாவோடு.
கடைச் சுவரை அளந்தார்கள், கூரையை அளந்தார்கள்,
எதற்கென்று தெரியாமல் கதவையும் அளந்தார்கள்.
ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி,
"எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.
நல்ல மனிதர். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.
மேஜை இழுப்பறையைத் திறந்து
நகல்களை எண்ணி எடுத்து வைத்தேன்.
ஏழாவதில் அவர் கையெழுத்தே இருந்தது,
பெற்றுக்கொண்டதற்கு.

வசந்தத்துக்குள் என்றிருக்கிறார்கள்.
எந்த வருஷத்து வசந்தம் என்று
ஹென்னிங்கைக் கேட்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.
மடல் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

இன்று மதியம் அந்தக் கட்டுரை இங்கே வரத் தொடங்கியது.
முதலில் தலைப்பு: உலகத்தின் விளிம்பில்.
விளிம்பா?
வாசலுக்குப் போய் நாலு பக்கமும் பார்த்தேன்.
எல்லாம் சம தூரத்தில்தான் இருந்தன.

பவுலூசி கல்லாமேல் மோவாயை ஊன்றிக் காத்திருக்கிறான்.
படம் மேலிருந்து கீழே இறங்குகிறது.
சமையலறைக் கூரை. விளக்கு.
அவன் தலைமுடி. நெற்றி.
அங்கே நின்றுவிட்டது.

வரிசையில் யாரோ சொல்கிறார்கள்:
"கோழி உருகுது."