சான்று காட்டுக

தொப்பூர் பேருந்தில், மடியில்
திருத்தி வந்த இரண்டு கட்டுரை.

ஒன்று இலக்கியம்.
தலைவியின் பல் முல்லை அரும்பு என்று
எத்தனை பாட்டில் வருகிறதென எண்ணத் தொடங்கி
பதினேழோடு நிறுத்தி
உதட்டை மூடிக்கொண்டேன்.

என் பல்
புளிக்கரைசல் காய்ந்த கிண்ணத்தின் நிறம்.
அடையாள அட்டைக்குப் படமெடுத்தவர்
'கொஞ்சம் சிரிம்மா' என்றார்.
சிரிச்சுட்டுதான் இருக்கேண்ணா.

இன்னொன்று மனித வளர்ச்சி.
மரபா, சூழலா? விவாதிக்க. பத்து மதிப்பெண்.
நிலைப்பல் முளைப்பது ஆறு வயதில்,
உருவாவதோ அதற்கும் முன்பே, ஈறுக்குள், இருட்டில்
என்கிறது பாடநூல்.
எந்தத் தண்ணீரில் என்று சொல்லவில்லை.

ஒகேனக்கல் குழாய் எங்கள் தெருவுக்கு வந்தபோது
எனக்கு வயது பத்து.
அதுவரை போர்த் தண்ணிதான்.
மறுவருஷம் பிறந்தான் மாதேஷ்.
அதே அம்மா, அதே அப்பா,
அதே களி, அதே கீரைக் கடைசல்.
அவன் கொட்டாவி விட்டால்
பதினேழு பாட்டும் தெரிகிறது.

இதைத்தான் எழுதினேன், இரண்டு தாளிலும்.
நேரமில்லை,
ஒன்றைப் பார்த்து இன்னொன்றில்.

இரண்டின் ஓரத்திலும் சிவப்பு மை, வேறு வேறு கையெழுத்து:
'கருத்து நன்று. சான்று காட்டுக.'

நல்லம்பள்ளி தாண்டி வண்டி குலுங்கியது.
அடிக்குறிப்பு கோணலாகத்தான் வந்தது:

ஆழ்குழாய்க் கிணறு,
ரேஷன் கடைக்குப் பின்புறம்,
நானூற்றிருபது அடி.
பார்வையிட்ட நாள்:
பத்து வருஷம், தினமும்,
இரண்டு குடம்.