பெலிசாரியோவின் முறை

புதன் இரவு ஒன்பது மணி.
மழை அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும்;
சிலோயேத் தீவில் அதற்கு அழைப்பு வேண்டியதில்லை.
அச்சாவோவிலிருந்து மைக்கை அழுத்துகிறேன்:
"சக்கரம் தொடங்குகிறது. யாரெல்லாம் இருக்கிறீர்கள்?"

சக்கரம் என்றுதான் இங்கே பெயர்.
பேசி முடித்தவர் அடுத்தவர் பக்கம் உருட்டிவிட வேண்டும்.
பட்டியல் என்னிடம்.
பென்சிலின் பின்முனை முழுக்க என் பல்.

கெயோனில் எலியெசெர். டீசல் விலை.
போன வாரமும் டீசல் விலை,
நடுவில் ஒரே ஒரு வாரம் கடைவாய்ப் பல்.
மூன்று நிமிடம் தாண்டினால்
குன்றின் மேலிருக்கும் ரிப்பீட்டர்
யார் பேச்சையும் வெடுக்கென்று அறுக்கும்.
எலியெசெரை அது அறுக்காத புதன் இல்லை.
அறுபட்டது தெரியாமல்
அவன் இன்னும் பேசிக்கொண்டிருப்பான் என்று
நாங்கள் ஆளுக்கொரு வாய் மாத்தே குடித்துக்கொள்வோம்.

பூக்கெல்தோனில் ஹெர்த்தா.
ஆன்டெனா மேல் பருந்து உட்கார்ந்திருக்கிறதாம்,
சிக்னல் கூடியதா குறைந்ததா, சொல்லுங்கள்.
"குறைந்தது" என்கிறான் நோல்பெர்த்தோ.
"கூடியது" என்கிறேன் நான்.
இருவருக்குமே ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை.

பிறகு பெலிசாரியோ.
தல்காவேயில் பள்ளிப் பேருந்து ஓட்டியவன்.
போன வருஷம் தொண்டையில் கத்தி வைத்து
குரலை எடுத்துவிட்டார்கள்.
பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாமே என்று
அவன் மகள் சொல்லியனுப்பினாள்.
நான் பதில் எழுதவில்லை.
அடுத்த புதன் பெயரை வாசித்தேன், அவ்வளவுதான்.

யாரும் இல்லாத அலைவரிசையில் ஓர் இரைச்சல் உண்டு,
காயும் எண்ணெயில் உருளைக்கிழங்கு விழுந்ததுபோல.
எங்கோ ஒரு பித்தான் அழுந்தினால் அது அடங்கும்.
ஆகவே அவன் வருவது கேட்காது;
இரைச்சல் நிற்பதுதான் அவன்.

நின்றது.
மூன்று நிமிடமும் அவனுக்கு.
கெட்டில் முனகுகிறது.
பலகைத் தரையில் நாயின் நகங்கள்.
விறகடுப்பின் கதவு.
கரண்டி, சர்க்கரை, மறுபடி கரண்டி, மறுபடி சர்க்கரை:
மருத்துவர் ஒன்றுதான் என்றிருக்கிறார்.
ரிப்பீட்டர் அறுத்ததும் ஹெர்த்தா சொல்கிறாள்:
"அந்த நாய்க்கு நகம் வெட்டு."
இரண்டு சொடுக்கு என்றால் சரி.
ஒரு சொடுக்குதான் வந்தது.

ஜூனில் ஒரு புதன், என் முறை,
சொல்ல எதுவும் இல்லை.
காலையில் தங்கையோடு சண்டை;
அதை ஊர் கேட்கும் அலையில் சொல்வதா?
பித்தானை அழுத்தினேன். அப்படியே பிடித்திருந்தேன்.
"உன் மைக் போய்விட்டது" என்றான் எலியெசெர்.
"கேபிளை ஆட்டிப் பார்" என்றான் நோல்பெர்த்தோ.
தல்காவேயிலிருந்து ஒரு சொடுக்கும் இல்லை.

மறுநாள் முதல் படகில் கால்வாயைத் தாண்டி
பெலிசாரியோ வந்து நின்றான்,
அக்குளில் தகரம், சட்டைப் பையில் ஆணி.
வணக்கத்துக்குப் பதில்
என் கதவில் ஒற்றை விரலால் தட்டிக் காட்டினான்:
டொக்.
கொஞ்சம் பொறுத்து, டொக்.
கொஞ்சம் பொறுத்து.
என் கூரை வாளியில் ஒழுகும் கதி,
இம்மி பிசகாமல்.
நான் கேட்டுக் கேட்டுக் கேளாமல் போன சத்தம்.

அவன் ஏறினான், நான் ஏணி பிடித்தேன்.
கூலி ஒரு டஜன் முட்டை என்று எழுதிக் காட்டினான்.
பதினொன்றுதான் இருந்தது.
ஒரு விரலை உயர்த்தி, பாக்கி என்று
தன் நெற்றியில் குறித்துக்கொண்டு போனான்.

அடுத்த புதன். டீசல் விலை.
பருந்து திரும்ப வரவில்லையாம்,
ஹெர்த்தாவுக்கு அதில் வருத்தம்தான்.
"பெலிசாரியோ, கூரை சொட்டவில்லை.
ஒரு முட்டை தர வேண்டும்" என்று சொல்லி
சக்கரத்தை அவன் பக்கம் உருட்டினேன்.

இரைச்சல் நின்றது.
கெட்டில். அடுப்பின் கதவு.
நாய் நடக்கிறதா, இல்லையா?
காதை ஸ்பீக்கரில் ஒட்ட வைத்தேன்.
காலுறை போட்டதுபோல் ஏதோ ஒன்று
அறையைக் கடந்து போயிற்று.
ரிப்பீட்டர் அறுத்தது.
"வெட்டிவிட்டாய்!" என்று ஹெர்த்தா கத்தினாள்.

இரண்டு சொடுக்கு.