பகலில் தூங்குகிற வீட்டுக்கு

பெருமாநல்லூர் ரோட்டில் சிக்கந்தர் கடை.
விலை சொல்லும் முன்னால் அவர் கேட்டார்:
“பகல்ல ஊட்ல ஆருங்க இருப்பாங்க?”

நான் இருப்பேன், பனியனில் பிசிர் வெட்டிக்கொண்டு.
இவரும் இருப்பார், தூங்கிக்கொண்டு.
நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட்.
எட்டு மணிக்கு வந்து
காதில் பஞ்சோடு படுப்பார்:
கொஞ்சம் வைத்துக்கொண்டது,
மிச்சம் கம்பெனியில் ஒட்டியது.

“அப்ப காக்டெய்ல் ஆகாதுங்க.
லவ் பேர்ட்ஸ் அதுக்கு மேல வாயாடி.”
மிதுனா பச்சைக்கிளி என்று வாயெடுக்கையில்
“அது காட்டுச் சொத்து கண்ணு, கேசாயிரும்.”

புறா?
ஓனரம்மா மாடியில் வடகம் காயப்போடுகிறவர்.

மிதுனாவுக்குத் தன் பேர் சொல்லும் பறவை வேண்டும்.
எனக்கு, இந்தத் தூசில் இருமாத பறவை.
இவருக்கு எது வேண்டுமென்று திரும்பினால்
தினை மூட்டையில் சாய்ந்து
நின்றபடியே கண்ணசந்திருந்தார்.

கடைசியில் ஃபின்ச் ஒரு ஜோடி.
சிவப்பு மூக்கு, கட்டைவிரல் பருமன்.
பேசாது. கைக்கு வராது.
“இதுகளுக்கு நீங்க வேண்டியதில்லீங்க,
ஒண்ணுக்கு ஒண்ணு போதும்” என்றார் சிக்கந்தர்.
மிதுனா முகம் சுருங்கியது.
எனக்கும்தான், கொஞ்சம்.

திங்கள் மதியம் கூண்டு ஆரம்பித்தது:
கீச், கீச், கீச்,
எண்ணெய் காணாத ஓவர்லாக் மிஷின்.
மூடிவைக்கத் துண்டை எடுத்துப் போனேன்.
கண் திறக்காமலே இவர் சொன்னார்:
“ரெண்டு சொட்டு எண்ணெ உடச் சொல்லு.
ஓடட்டும்.”