பிளம் ஹாலோ, பத்து டாலர்

எண்ணும் இயந்திரம் மூன்று முறை துப்பியது.
நான்காவது முறை சக்கரியா சார் எட்டிப் பார்த்தார்:
"இது நோட்டா, கைக்குட்டையா?
திருப்பிக் கொடுத்துவிடு."

கண்ணாடிக்கு அப்பால் போச்சய்யா.
ஜுஃபைரில் அமெரிக்கர் ஒருவர் காலி செய்த வீட்டில்
பைபிள் அட்டைக்குள் கிடந்ததாம்,
நாலாக மடித்து.
பத்து டாலர். அன்றைய கணக்குக்கு
மூன்று தினார் எழுநூற்று ஐம்பது ஃபில்ஸ்.
என் சட்டைப் பையிலிருந்து நாலாகக் கொடுத்தேன்,
மிச்சம் வேண்டாம் என்றேன், பெருந்தன்மையாக.

அந்தப் பெருந்தன்மை
இரவு பதினொரு மணிவரை தாங்கியது.

பிளம் ஹாலோ முதல் தேசிய வங்கி, நெப்ராஸ்கா.
ஒரு தெரு, ஒரு தானியக் கிடங்கு,
அதற்கும் தன் பெயரில் ஒரு நோட்டு.
வாஷிங்டனிலிருந்து தாள் தாளாக வருமாம்;
கேஷியர் கத்தரிக்கோலால் வெட்டி
ஒவ்வொன்றிலும் மையால் கையெழுத்திடுவார்.
இதில் மேல் விளிம்பு கோணல்.
வாசலில் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்.

மடிப்பை நீக்க இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது.
நல்லவேளை, முதலில் படித்தேன்:
துவைத்ததும் தேய்த்ததும் பாதி விலை.
குண்டூசித் துளை இரண்டு, மன்னிப்பார்கள்.
உலகத்தில் தெரிந்தவை மூன்று.
இது நாலாவது.
ஆயிரத்து எண்ணூறு டாலர் போகலாம்,
ஐந்தாவது ஒன்று கிளம்பாதவரை.
ஒரு வாரம், அந்த ஊரின் பைபிள்கள் எல்லாம்
எரிந்துபோயிருக்கட்டும் என்று
வேண்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவனைத் தேடிப் போனேன்.
கால் பங்கு என்று கிளம்பியவன்
மூன்றாவது சிக்னலில் பாதிக்கு வந்திருந்தேன்.
லிஃப்ட் அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான்.
தொகையைச் சொன்னேன்.
அவன் கேட்டது வேறு:
"அந்த ஊர் இப்ப இருக்கா?"
இல்லை. முப்பத்தொன்றில் வங்கி மூடியது,
அப்புறம் தபால் நிலையம்.
"எங்க ஊரும் டேம் தண்ணிக்குள்ள போச்சு.
நோட்டு அடிச்சு வைக்கணும்னு
எங்களுக்குத் தோணல."

இன்னும் விற்கவில்லை.
ஈ. ஜே. ஷ்ரோடர், கேஷியர்.
மற்ற மூன்றின் படங்களையும் பார்த்துவிட்டேன்;
ஜே-யின் வால் அவற்றில் குட்டை.
இதில் மட்டும் ஊர்ப்பெயர்வரை இழுபட்டிருக்கிறது.

நானும் கேஷியர்தான்.
நாளுக்கு இருநூறு ரசீது, இருநூறு கையெழுத்து.
வழவழவென்ற அந்தத் தாளை ஆகஸ்டில்
கார் கண்ணாடிக்குக் கீழே மறந்துவிட்டால்
ஒரே மதியத்தில் முழுக்கக் கறுத்துவிடும்,
பெயரும் தொகையும் என் கையெழுத்தும் சேர்ந்து.

போச்சய்யாவின் பாதியை
மாதம் முப்பது தினாராக அடைக்கிறேன்.
ஒவ்வொரு முறையும் ரசீது கேட்கிறான்,
நோட்டுப் புத்தகத் தாளில்,
பேனாவால்.