பத்துக் கிராம்

ஆசாரிப்பள்ளத்தில் முதல் வருஷம்
எங்கள் மேசைக்கு வந்தது இடது பாதம்.
ஃபார்மலின் கண்ணைக் கரிக்க
நானும் ஆன்ஸ்லினும் ஷாமிலா பீவியும்
தோலை மடித்து, கொழுப்பைச் சுரண்டி
நான்கு அடுக்குத் தசை பிரித்தோம்.
எலும்பு இருபத்தாறு.
கால்கேனியஸ், டேலஸ், கியூபாய்ட்,
நடுவே படகுபோல் குழிந்த ஒன்று, நேவிக்குலர்.
செட்டிகுளம் வரை பஸ்ஸில் நின்றபடியே
விரல்விட்டு ஒப்பித்தேன்.
வைவாவில் அது மட்டும் மறந்துபோயிற்று.

இது நான்காம் வருஷம்.
சர்க்கரைக் கால் பிரிவு, செவ்வாய்க்கிழமை,
பன்னிரண்டாவது டோக்கன்:
சிலுவைதாசன், ஐம்பத்தெட்டு, குறும்பனை.
ஸ்டூல்மேல் வலது காலைத் தூக்கி வைத்தார்,
அடுத்தவர் பொருளை இறக்கி வைப்பதுபோல.

சோதிக்க ஒரு நைலான் இழை.
அது வளைந்தால் பத்துக் கிராம் அழுத்தம்.
கண்ணை மூடுங்கள், பட்டதும் சொல்லுங்கள் என்றேன்.
மூடுமுன் இழையைப் பார்த்தார்.
"தங்கூசியில்லா இது! எத்தனாம் நம்பரு மக்களே?"
பாடத்தில் இல்லாத கேள்வி.

பெருவிரல் நுனி. "ஓ" என்றார்.
நடுவிரல் அடி. "ஓ."
குதிகாலுக்கு முன்னால். "ஓ."
சந்தேகம் வந்து
இழையைக் காற்றில் பிடித்தபடி சும்மா இருந்தேன்.
"ஓ" என்றார், அதே இடைவெளியில்.
இழுப்புக்குக் காத்திருந்தே வயதானவர்
என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் ஆள்காட்டி விரலில் வைத்தேன்.
வளையுமுன்பே கண் திறந்துவிட்டது.
"இங்க தெரியும். வெளமீனு கொத்துனா ஒரு மாதிரி,
பாறை கொத்துனா வேற மாதிரி."
பாறை கொத்துவதைச் சுண்டிக் காட்டினார்,
என் மணிக்கட்டில்.

எக்ஸ்ரே வர மணி பன்னிரண்டு.
வெளிச்சப் பெட்டியில் செருகி
பழக்கதோஷத்தில் எண்ணினேன், குதிகாலிலிருந்து.
படகெலும்புக்குக் கீழே
கணக்கில் சேராத ஒன்று.
முறிந்தது, வளைந்தது, எலும்பைவிட வெள்ளை.
ஆன்ஸ்லின் படத்தைத் திருப்பிப் பார்த்தான்,
திருப்பினால் போய்விடும் என்பதுபோல.

அவரும் எட்டிப் பார்த்தார், வெகுநேரம்.
"எனக்க தூண்டிலாக்கும்.
ஆடியில தொலஞ்சது."
பிறகு, குரல் இறங்கி,
"மருமொவன்தான் எடுத்தான்னு
ஊரு கேக்க ஏசிப்போட்டேன்."

உதவிப் பேராசிரியர் கீறவேண்டிய இடத்தைச் சொன்னார்,
ஒரு விரல் போகலாம் என்றார், இரண்டும் போகலாம்.
ஒப்புதல் தாளை நான் நீட்டினேன்.
பேனாவை வாங்கவில்லை. சட்டைப்பையில் போனைத் தேடினார்.

மணி போய்க்கொண்டே இருந்தது.
வாசலில் பதின்மூன்றாவது டோக்கன்
கட்டை அவிழ்க்கத் தொடங்கியாயிற்று.
அவர் காதில் போன்.
கால் இன்னும் ஸ்டூல்மேல்.